ஆங்கிலத்தில் நான் அழுத நாலு பக்கம்

1

எங்கள் சபையின் பெண்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஊரிலிருந்து செய்தி வந்து மூன்று வாரமாகிறது. வெளிநாட்டில் இருக்கிற அக்காமார் எல்லாரும் எழுதுகிறார்களாம். போன வருட மலரை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். கனடாவில் பனி, துபாயில் வெயில், எல்லா இடத்திலும் தேவகிருபை. நானும் இங்கிலாந்து மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தால் என் பாடு தீர்ந்திருக்கும்.

இன்று காலை என் மகள் அபிஷா ஆங்கிலப் பரீட்சை எழுதப் போயிருக்கிறாள். பதினாறு வயதில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற பெரிய பரீட்சை. ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். எழுதியவர் அதில் என்னென்ன உத்திகளைக் கையாண்டிருக்கிறார், ஒவ்வொன்றும் வாசிக்கிறவர் மனத்தில் என்ன செய்கிறது என்று பிரித்து எழுத வேண்டும். மிகைப்படுத்திச் சொல்வது, திரும்பத் திரும்பச் சொல்வது, பதிலை எதிர்பார்க்காமல் கேள்வி கேட்பது, மூன்று மூன்றாக அடுக்குவது என்று ஒரு பட்டியலே வைத்துப் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தை அவள் முதன்முதலில் உருப்படியாகப் படித்தது நான் எழுதிய அறிக்கை ஒன்றை வைத்துத்தான்.

அதைத்தான் எழுதப் போகிறேன். நர்ஸ் வேலைக்கு இங்கே வருவதற்காக ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகள் வாசிக்கட்டும். மலரில் போடத் தகுந்ததல்ல என்று சங்கத்தார் நினைத்தால் போட வேண்டாம். எனக்கு வருத்தமில்லை.

2

என் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு காலத்தில் எனக்கு நல்ல கர்வம் இருந்தது. கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் யார் இறந்தாலும், அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதுவேன். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் எழுதி முடித்துவிடுவேன். பிள்ளைகள் வளைகுடாவில் லீவு கிடைக்காமல் போனில் நேரலையாக அடக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு வேலை பார்க்கிற வேற்றுமொழிக்காரர்களும் பக்கத்தில் இருந்து பார்ப்பார்களாம். ஆகவே ஆங்கிலத்திலும் ஒரு குறிப்பு வேண்டும் என்பார்கள். அதையும் நானே எழுதினேன்.

அவர் ஒரு விளக்கு, அவர் ஒரு தூண், அவர் ஒரு நிழல் என்று அடுக்குவேன். இனி எங்களை மகளே என்று கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்த ஒருவருக்கு நான் எழுதியதைக் கேட்டு, அவரோடு வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த தம்பியே வாய்விட்டு அழுதார். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது விளக்காகவும் இல்லை, தூணாகவும் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் நான் பொய் எழுதியதாக யாரும் சொன்னதில்லை.

இங்கே வந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. இந்த நாட்டில் பெரிய காரியத்தைச் சின்ன வார்த்தையில் சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் என் மேலாளர் 'மோசமில்லை' என்றால் மிகவும் பிடித்திருக்கிறது என்று பொருள். 'நான் தவறாகவும் நினைத்திருக்கலாம்' என்றால் நீ செய்தது முழுத் தவறு என்று பொருள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அவர்கள் பேசுவதைப் புரிந்துகொண்டேனே தவிர, நான் பேசுவது அவர்கள் காதில் எப்படி விழும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

3

ஆர்தர் எங்கள் இல்லத்தில் பதினான்காம் அறையில் இருந்தார். வயது எண்பத்தாறு. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அழைப்பு மணியை அடிக்கடி அடிப்பார். கண்ணாடியை எடுத்துக் கொடு, ஜன்னலைச் சாத்து, மணி என்ன ஆகிறது, இவ்வளவுதான். போனால் சிரிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரு நாள் மதியம் அவர் மணி அடித்தார். நான் போய்ப் பார்க்கும்போது பதினொரு நிமிடம் ஆகிவிட்டிருந்தது. மணி அடித்ததும் நாங்கள் அதை நிறுத்தியதும் இயந்திரத்தில் பதிவாகும், அதனால் கணக்குத் தெரியும். தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முயன்று, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். தலையில் அடி. நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவருடைய மகள் ஜேன் அடுத்த வாரம் அவர் துணிமணிகளை எடுத்துப்போக வந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உன் அப்பாவை நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று ஆங்கிலத்தில் அழுதேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "சொன்னதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கே மேலாளர், நடந்ததைப் பற்றி உன் கைப்பட ஓர் அறிக்கை எழுதித் தா என்றார். நான் நாலு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஆங்கிலம் எழுதியதில்லை என்று அப்போது நினைத்தேன். எந்தக் கைகள் அவருக்கு மருந்து கொடுத்தனவோ அந்தக் கைகளே அவரைக் கொன்றன. அவருடைய மணி அழுதது, பதினொரு நிமிடம் அழுதது. என் செவி எங்கே போயிற்று, என் கால் எங்கே போயிற்று? நான் ஒரு நர்ஸா, நான் ஒரு மனுஷியா? கொலைகாரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இப்படியே நாலு பக்கமும். எழுதி முடித்தபோது மனது லேசாகிவிட்டது, சாப்பிட முடிந்தது.

4

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இது ஒரு வழக்கம் என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

எங்கள் சபையில் சாவு வீட்டில் ஒப்பாரி கிடையாது, கீர்த்தனைதான். ஆனால் கீர்த்தனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அப்பா இறந்தபோது என் தம்பி செல்வின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவ நானில்லா கொன்னது, நான் பாவியில்லா கொன்னது" என்று, தானே கொன்றதாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். உடனே எங்கள் அத்தை அவனைப் பிடித்து, "நீ என்ன செய்வ மக்கா, அவருக்க நேரம் அது. நானாக்கும் பாவி, நேத்து வந்து ஒரு எட்டு பாக்காம போனேனே" என்றாள். அத்தையை அம்மா பிடித்துக்கொண்டாள். அம்மா தன்னைச் சொல்லி அழுதபோது நான் அம்மாவிடம் அதே பதிலைச் சொன்னேன்.

செத்தவரை நான்தான் கொன்றேன் என்று ஒருவர் சொல்ல வேண்டும். நீ என்ன செய்வாய், அவர் நேரம் என்று பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது முடியும். ஜேனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் எதிர்பார்த்தது அந்தப் பதிலைத்தான். அது தெரியாமல் அவள் நன்றி சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒருத்தி வந்து உன் அப்பாவைக் கொன்றேன் என்றால், அவள் நாட்டில் அதற்கு அதுதான் அர்த்தம்.

5

இரண்டு வாரம் கழித்து மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் அறிக்கையைக் குறித்து எங்களுக்குச் சில கவலைகள் இருக்கின்றன. பேசுவதற்கு வர முடிந்தால் நன்றாக இருக்கும். விரும்பினால் யாரையாவது உடன் அழைத்து வரலாம், அது உங்களுக்கு உதவியாக இருக்கக்கூடும். அவ்வளவுதான்.

என் கணவர், நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன், இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை பார்க்கிறார். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். "சில கவலைன்னுதானே போட்டிருக்கு? பெரிய காரியம்னா இப்பிடியாட்டி எழுதுவான்?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஊரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் தாமதமாகப் போனாலே, உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு மெமோ வரும். அடியேன் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும் என்று பதில் கொடுத்தால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். இடி மாதிரி வருகிற கடிதம் ஒன்றும் செய்யாது. அதே கணக்கில், மெல்ல வந்த இந்தக் கடிதம் அதைவிட ஒன்றுமில்லாதது என்று நினைத்துவிட்டோம்.

தனியாகத்தான் போனேன். இது நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இதில் சொல்லியிருப்பது உண்மையா என்று கேட்டார்கள். ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று மறுபடியும் அழுதேன். அந்த மாத முடிவில் என் அறிக்கை நர்ஸ்களைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் போய்விட்டது. விசாரணை முடியும்வரை இன்னொரு நர்ஸின் மேற்பார்வையில்தான் வேலை பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. பதிவு போனால் வேலை போகும். வேலை போனால் வீசா போகும். வீசா போனால் மூன்று பேரும் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். மேலாளர் அன்றும் குரலை உயர்த்தவில்லை. இது கொஞ்சம் சிரமமான சூழ்நிலை என்று மட்டும் சொன்னார்.

அப்போது அபிஷாவுக்குப் பதினான்கு வயது. ஊரிலிருந்து வரும்போது எங்களைவிட அழகாகத் தமிழ் பேசிய பிள்ளை. இங்கே வந்து மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் மட்டும் தமிழ் மிச்சமிருந்தது. அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம் என்று மறைத்திருந்தேன். ஆனால் ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, அறிக்கையின் நாலு பக்கமும் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. நாலு நிறத்தில் கோடு போட்டிருந்தாள்.

"அம்மா, பிங்க் எல்லாம் கூட்டிச் சொல்றது. யெல்லோ எல்லாம் சும்மா கேக்குற கேள்வி, யாரும் ஆன்சர் பண்ண வேண்டாம். கிரீன் ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்றது. புளூ மட்டும்தான் நடந்தது" என்றாள்.

நாலு பக்கமும் கோலம் போட்டது போல இருந்தது. நீலம் ஐந்து இடத்தில்தான் இருந்தது. ஆர்தரின் பெயர், அறை எண், மணி, பதினொரு நிமிடம், அவர் கிடந்த இடம்.

பதிவு அலுவலகம் எனக்கு அனுப்பியிருந்த காகிதங்களிலிருந்து, இல்லத்தின் சார்பில் எழுதப்பட்ட அறிக்கையையும் எடுத்துக் காட்டினாள். மணிக்குப் பதில் அளிக்கப்படவில்லை. அன்று பணியாளர் எண்ணிக்கை விரும்பத்தக்க அளவில் இல்லை. "இதுல ஒரு ஆளுமே இல்ல பாருங்க" என்றாள். "யாரு பதில் அளிக்கல்ல, யாரு ஆள் வைக்கல்லன்னு ஒண்ணுமே சொல்லாம எழுதியிருக்காங்க. உங்களுக்குள்ளதுல எல்லாத்துலயும் நீங்க மட்டும்தான் இருக்கீங்க. ரெண்டையும் வாசிச்சா யாரு கொன்னாங்கன்னு தோணும்?"

பள்ளிக்கூடத்தில் பத்து மதிப்பெண்ணுக்குப் படிக்கிற பாடம் என்று நான் நினைத்திருந்ததை என் பிள்ளை எனக்கு எதிரில் போட்டுப் பிரித்துக் காட்டினாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

"அந்தப் பதினொரு நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்கம்மா? நாலு பக்கத்துல அது மட்டும் இல்ல."

"இன்னொரு அறையில ஒரு அம்மாவுக்குக் காலு புண்ணுக்கு மருந்து வெச்சுக் கட்டிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"ஃபுல்லா?"

"ஆமா."

அவள் நீலப் பேனாவை எடுத்து ஒரு புதுத் தாளில் அதை எழுதிக்கொண்டாள்.

6

தொழிற்சங்கத்திலிருந்து எனக்காகப் பேச மார்க் என்ற ஒருவரை அனுப்பினார்கள். நாலு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இதை உங்கள் ஊர் வழக்கப்படி துக்கத்தில் எழுதியது என்று விளக்கி, புதிதாக ஓர் அறிக்கை கொடுக்கலாம் என்றார். முப்பது பேருக்கு ஒரே நர்ஸ், அவர் இன்னொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், ஆகவே போக முடியவில்லை, இதுதான் நம் பக்கம் என்றார். அபிஷா எழுதிய நீல வரி அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஊருக்கு செல்வினைக் கூப்பிட்டேன். ஆர்தர் செத்துப்போனதையும் கொலைகாரி என்று நான் எழுதினதையும் சொன்னேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், "நீ என்ன செய்வ அக்கா, அவருக்க நேரம் வந்துட்டு" என்றான்.

அந்தப் பதிலுக்காக மாதக்கணக்காக ஏங்கியிருந்தேன். வந்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டான் என்று கோபம்தான் வந்தது. கோபத்தில் வாய் தவறி, நாங்கள் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"எலேய், அப்பா சாவுல நானில்லா கொன்னதுன்னு பறஞ்சு அழுதியே. எதுக்குல அப்பிடிச் சொன்ன?"

"எதுக்கு இப்பம் அது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

அங்கே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்.

"அன்னைக்கு மத்தியானமே நெஞ்சு வலிக்குன்னு பறஞ்சாரு அக்கா. வாயுவா இருக்கும், சுக்குவெள்ளம் குடிச்சா சரியாவும்னு நான்தான் சொன்னேன். கருங்கல் சந்தைக்கு வாழக்குலை ஏத்திக்கிட்டு ஆளு நின்னுது. நான் போய்ட்டேன். வரும்ப நாலர மணி. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒருத்தராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் அவருக்க நேரம்னு சொல்லிக்கிட்டே போனீங்க."

பத்து வருடமாக அவன் அதைத் தனியாக வைத்திருந்திருக்கிறான். ஊரறியத் தலையில் அடித்துக்கொண்டு நான்தான் கொன்றேன் என்று சொன்னான், ஒருவர் காதிலும் விழவில்லை. அவ்வளவு சத்தமாகச் சொன்னதால்தான் விழவில்லை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. நானும் அதையேதான் செய்திருந்தேன். கொலைகாரி என்று நாலு பக்கம் கத்திவிட்டு, அதன் அடியில் நாலு நிமிடத்தை ஒளித்து வைத்திருந்தேன்.

7

ஆர்தர் மணி அடித்தது இரண்டு முப்பத்தொன்றுக்கு. அந்த அம்மாவின் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்தது இரண்டு முப்பத்தெட்டுக்கு. நான் ஆர்தரின் அறைக்குப் போனது இரண்டு நாற்பத்திரண்டுக்கு. முதல் ஏழு நிமிடத்துக்கு எனக்கு நியாயம் உண்டு. கட்டுப் போடத் தொடங்கிய நேரத்தைத்தான் நான் பதிவேட்டில் எழுதியிருந்தேன், முடித்த நேரத்தை எழுதவில்லை. ஆகவே கடைசி நாலு நிமிடம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

புதிய அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் போதும் என்று மார்க் சொல்லியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான ஒன்றை நான் எழுதியதில்லை. கை தானாக அடுக்குக்குப் போகும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். பெயர், அறை எண், நேரம் என்று எல்லாம் நடந்ததாகவே இருந்த அந்தப் பக்கத்தில், பதினொரு நிமிடமும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன் என்ற வரி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அழுகையில் ஆயிரம் பொய் சொல்லலாம், யாரும் அளக்கமாட்டார்கள். வெறும் வாக்கியத்தில் ஒரு பொய்கூட வைக்க எனக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். இரண்டு முப்பத்தெட்டுக்குக் கட்டுப் போட்டு முடித்தேன். ஆர்தரின் மணி அடிப்பது கேட்டது. நான் போகாமல் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அத்தானிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். பிறகு, "ஒனக்கு வட்டாயிட்டா, புத்தி கெட்டுப் போச்சா? யாருக்கும் தெரியாத காரியத்த எதுக்குட்டி எழுதிக் குடுக்க? நாளைக்கே கெளம்பிப் போன்னு சொல்லுவான். பிள்ளைக்க படிப்பு என்ன ஆகும்னு நெனச்சியா?" என்றார். அவர் கேட்டதில் ஒன்றுகூடச் சும்மா கேட்ட கேள்வி இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் வேண்டியிருந்தது. பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேன், அதை அவள் கைப்பட எழுதி வைத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய் அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறிக்கொண்டு நின்றார்.

அபிஷா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தாளை அவளிடம் நீட்டினேன். வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபமா, இரக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, மூன்று வரியிலும் நிதானமாகக் கோடு போட்டுவிட்டு, சாப்பிடத் தட்டு எடுத்து வைத்தாள்.

மார்க் இந்த வரிகள் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இது உங்கள் முடிவு என்று கடைசியில் விட்டுவிட்டார். அது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

8

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா தலைவர். ஜேனும் வந்திருந்தாள், சுவரோரம் தனியாக. தலைவர் என் பழைய நாலு பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, புதிய அறிக்கையிலிருந்து அந்த மூன்று வரியை வாய்விட்டு வாசித்தார். இரண்டு முப்பத்தெட்டுக்குக் கட்டுப் போட்டு முடித்தேன். ஆர்தரின் மணி அடிப்பது கேட்டது. நான் போகாமல் உட்கார்ந்து டீ குடித்தேன்.

"ஏன் போகவில்லை?" என்று கேட்டார்.

"அவர் அடிக்கடி மணி அடிப்பார். அவர்மேல் எனக்கு அலுப்பு வந்துவிட்டிருந்தது. காலையிலிருந்து நான் உட்காரவில்லை. கண்ணாடியைக் கேட்கத்தான் அடிக்கிறார் என்று நினைத்தேன்."

"இப்போது என்ன நினைக்கிறீர்கள்?"

"நான் போயிருக்க வேண்டும்."

தலைவர் குறித்துக்கொண்டார். மார்க் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் என்பதையும் அவர்கள் விரிவாகக் கேட்டார்கள், இல்லத்து மேலாளர் நெடுநேரம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாலையில் முடிவு சொன்னார்கள். பதிவை எடுக்கவில்லை. ஒரு வருடம் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். பழைய இல்லம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. வேறோர் இல்லம் எடுத்துக்கொண்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

முடிவு கேட்டு வெளியே வந்தபோது நடைவழியில் ஒரு பெஞ்சில் ஜேன் உட்கார்ந்திருந்தாள். எதிரில் நின்று, "வருந்துகிறேன்" என்றேன். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் என்று நான் திரும்பியபோது அவள் பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா எனக்கும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போன் பண்ணுவார். சில நாள் நான் எடுக்கமாட்டேன்."

நான் நின்றேன்.

"அன்றைக்கும் அடித்தார். போன் மேசைமேல்தான் இருந்தது. அவர் பெயரைப் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"இரண்டு முப்பத்தெட்டு" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.